மாம்பழத்தை ஃப்ரீசரில் வைத்தால் ஏன் கொழகொழவென்று ஆகிறது?

கடையநல்லூரிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார்: “எங்கள் தோட்டத்தில் நாலைந்து மாமரம் நிற்கிறது. சீசனில் தின்று தீராது. போன வருடம் ஒரே நாளில் ஐந்து கிலோ பழத்தைத் துண்டு போட்டு, டப்பாவில் அடைத்து, ஃப்ரிட்ஜின் மேல்தட்டு ஃப்ரீசரில் வைத்தேன். இரண்டு மாதம் கழித்து எடுத்தால் கொழகொழவென்று இருந்தது, நிறம் கறுத்துவிட்டது, லேசாக மீன் வாடை வேறு. ஃப்ரிட்ஜ் சரியில்லையா, நான் வைத்த விதம் சரியில்லையா? டீப் ஃப்ரீசர் வாங்கினால் சரியாகுமா? சென்னையில் இருக்கும் மகளுக்கு இப்படி உறைய வைத்துக் கொடுத்துவிட முடியுமா?”

அக்கா, நீங்கள் சொன்ன மூன்று கேடுகளுக்கும் மூன்று தனித்தனிக் காரணம். கொழகொழப்பு ஐஸால் வந்தது, கறுப்பு காற்றால் வந்தது, மீன் வாடை சரியாக மூடாத டப்பாவால் வந்தது. பின்னது இரண்டையும் அநேகமாக முழுக்கத் தடுத்துவிடலாம். முதலாவதை வீட்டில் குறைக்கத்தான் முடியும், அடியோடு இல்லாமல் ஆக்க முடியாது. அதனால் பழத்தை அறுக்க உட்காரும் முன்பே அது எதற்கு என்று முடிவு செய்துகொள்ளுங்கள். உறைந்து இளகிய மாம்பழம் தட்டில் வைத்துக் கடித்துத் தின்ன ஆகாது. ஜூஸ், மில்க் ஷேக், குல்ஃபி, மாம்பழ மோர்க்குழம்பு என்று எப்படியும் கரையப் போகிற இடமாக இருந்தால், ஒழுங்காக உறைய வைத்த பழம் சந்தையில் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்ததைவிட எவ்வளவோ மேல்.

ஐஸ் என்ன செய்கிறது என்று பார்ப்போம். மாம்பழத்தில் எண்பது சதவீதத்துக்கு மேல் தண்ணீர். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும். பழத்தின் சதை நுண்ணிய அறைகளால் ஆனது. ஒவ்வோர் அறைக்குள்ளும் சாறு நிறைந்து நின்று, சுவரை உள்ளிருந்து தள்ளிக்கொண்டிருக்கும். அந்த விறைப்பைத்தான் நாம் பல்லில் ‘கெட்டிப் பழம்’ என்று உணர்கிறோம். மெதுவாக உறைந்தால் ஐஸ் முதலில் அறைகளுக்கு வெளியே உருவாகும், உள்ளே இருக்கிற தண்ணீரையும் வெளியே இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டு பெரிய பெரிய படிகமாக வளரும். உள்ளே அறை வற்றிச் சுருங்கும், வெளியே சுவர் கிழியும். இளகும்போது அந்தத் தண்ணீர் திரும்பி உள்ளே போகாது, தட்டில்தான் நிற்கும். வேகமாக உறைந்தால் படிகங்கள் உள்ளும் புறமுமாகப் பொடிப்பொடியாக உருவாகும், சேதம் குறையும். இதில் பூச்சியம் டிகிரிக்குக் கீழே ஒன்றிலிருந்து ஐந்து வரைக்கும் உள்ள இடம்தான் மோசமான இடம். அதைப் பழம் எவ்வளவு சீக்கிரம் தாண்டுகிறதோ அவ்வளவு நல்லது.

இந்த வேக விஷயத்தைத் தொழிலாக்கியவர் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்கிற அமெரிக்கர். 1912-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கனடாவின் லாப்ரடார் பகுதியில் இருந்தபோது, அந்தக் கடுங்குளிரில் பிடித்த கையோடு விறைத்துப் போகும் மீன், மாதக்கணக்கில் கழித்துச் சமைத்தாலும் புது மீன் போல ருசிப்பதைக் கவனித்தார். பிறகு குளிர்ந்த உலோகத் தகடுகளுக்கு நடுவே உணவுப் பொட்டலத்தை வைத்து அழுத்தி உறைய வைக்கும் இயந்திரம் செய்தார். 1930-இல் அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரின் கடைகளில் அந்தச் சரக்கு விற்பனைக்கு வந்தது. இப்போது தொழிற்சாலைகளில் பழத்துண்டுகள் மீது மைனஸ் 30, 40 டிகிரிக் காற்றை வேகமாக வீசிச் சில நிமிடங்களில் தனித்தனியாக உறைய வைத்துவிடுகிறார்கள். நம் வீட்டு ஃப்ரீசருக்கு அந்தப் பலம் கிடையாது. ஆனால் அந்த உலோகத் தகடு யோசனை வீட்டிலும் பலிக்கும். சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜில் ஃப்ரீசர் பெட்டியின் தளமும் சுவருமே குளிரூட்டும் பகுதி. வெறும் தளத்தின் மேல் எவர்சில்வர் தட்டைப் படிய வைத்தால் குளிர் நேரே தட்டுக்குள் ஏறும். பிளாஸ்டிக் டப்பாவில் குவித்து வைத்தால் ஓரத்துண்டு உறைந்து ராத்திரி முழுக்கக் கழிந்தாலும் நடுத்துண்டு இளகியே கிடக்கும்.

ஐந்து கிலோவை ஒரே நாளில் வைத்ததுதான் உங்கள் விஷயத்தில் பெரிய பிசகு. ஃப்ரீசரின் 28 லிட்டர் கொள்ளளவுக்கு ஒரு நாளைக்குக் கிலோ, கிலோ கால் பழம்தான் புதிதாக வைக்கலாம் என்பது பொதுவான கணக்கு. சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜின் மேல்தட்டு அதைவிடச் சின்னது, அரைக்கிலோ, முக்கால் கிலோவோடு நிறுத்த வேண்டும். மீதிப் பழம் மரத்திலோ வைக்கோலிலோ இருக்கட்டும். இன்னொன்று, பழுக்காத காயைக் கீழ்த்தட்டில் வைத்துக் காக்கலாம் என்று நினைக்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு டிகிரிக்குக் கீழே மாங்காய்க்குக் குளிர்க்காயம் பட்டுவிடும், அப்புறம் ஒழுங்காகப் பழுக்காது. வெளியிலேயே பழுக்க விட்டு, இன்றைக்குத் தின்றால் சரியாக இருக்கும் என்கிற பதத்தில் எடுங்கள். ஒரு நாள் முந்தினால் புளிப்பும் மாவுத்தன்மையும் அப்படியே உறையும், ஒரு நாள் பிந்தினால் பழவாடை புளித்த வாடையாகிவிடும். ஃப்ரீசர் கொடுத்ததை வைத்திருக்கும், கொடுத்ததைத் திருத்தாது.

செய்முறை இப்படி. முந்தின ராத்திரியே ஃப்ரீசர் திருகை அதிகபட்சக் குளிருக்குத் திருப்பிவிடுங்கள். காலையில் பழத்தைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, காம்புப் பக்கம் பால் பட்ட தோலை ஒதுக்கிச் சீவுங்கள். இரும்பு அரிவாள்மனை வேண்டாம். இரும்பு பழத்தின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து கறுக்கும், எவர்சில்வர் கத்திதான் சரி. இரண்டு சென்டிமீட்டர் கனமுள்ள துண்டாக அறுத்து, எலுமிச்சைச் சாறு தெளித்துப் புரட்டி, மூடி போட்டு ஒரு மணி நேரம் கீழ்த்தட்டில் வைத்துக் குளிர வையுங்கள். சூட்டோடு மேலே போனால் ஏற்கெனவே உறைந்ததையும் இளக்கிவிடும். பிறகு தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பித் தளத்தின் மேல் படிய வையுங்கள். மறுநாள் தட்டைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினால் துண்டுகள் கூழாங்கல் மாதிரி சடசடவென்று கழன்று விழும். அள்ளிக் கனமான ஜிப் கவரில் போட்டு, வாய் ஓரத்தில் ஒரு உறிஞ்சுகுழலைச் செருகிக் காற்றை உறிஞ்சிவிட்டுச் சட்டென்று மூடுங்கள். தேதி எழுதுங்கள். இப்படித் தனித்தனியாக உறைந்தால் வேண்டும்போது ஒரு கைப்பிடி மட்டும் எடுக்கலாம், மொத்தக் கட்டியையும் இளக்க வேண்டியதில்லை.

கறுப்பு விஷயம். வெட்டிய பழத்தில் இருக்கும் ஒரு நொதி காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து துவர்ப்புச் சத்தைப் பழுப்பாக்கும். குளிரில் அது தூங்குமே தவிரச் சாகாது. மெதுவாக வேலையைச் செய்துகொண்டே இருக்கும், இளகும்போது முழுசாக எழுந்துவிடும். காய்கறியை உறைய வைக்கும் முன் கொதிநீரில் போட்டு எடுப்பது இந்த நொதியைக் கொல்லத்தான். பழத்தை அப்படிச் செய்தால் வெந்த ருசி வந்துவிடும். அதனால் புளிப்பும் சர்க்கரையும்தான் நமக்குத் துணை. கிலோவுக்கு ஒரு எலுமிச்சைச் சாறு போதும். அல்லது பேக்கரிச் சாமான் கடையில் கிடைக்கும் அஸ்கார்பிக் அமிலப் பொடி கால் டீஸ்பூன் அளவை இரண்டு கரண்டித் தண்ணீரில் கரைத்துத் தெளியுங்கள். அதுதான் வைட்டமின் சி. எலுமிச்சையைவிட நன்றாக வேலை செய்யும், புளிப்பும் தூக்கலாக இருக்காது. ஆரஞ்சு நிறச் சப்பும் மாத்திரையைப் பொடித்துப் போடாதீர்கள், மாம்பழத்தில் ஆரஞ்சு மிட்டாய் வாசம் வரும்.

சர்க்கரை சேர்ப்பதானால் கிலோவுக்கு இருநூறு கிராம். பழத்திலிருந்து சாறு கசிந்து சர்க்கரையைக் கரைத்துப் பாகாக மூடிக்கொள்ளும், காற்று அண்டாது. நிறமும் வாசனையும் கூடுதல் நாள் நிற்கும். சர்க்கரை நோய் உள்ள வீடானால் சேர்க்காமலே வைக்கலாம், கெட்டுப்போகாது, சீக்கிரம் செலவழித்துவிட வேண்டும், அவ்வளவுதான். கருப்பட்டிப் பாகு ஊற்றலாமா என்று நம் பக்கத்தில் கேட்பார்கள். கருப்பட்டி மணம் மாம்பழத்தை அமுக்கிவிடும், நிறமும் போய்விடும். பலாச்சுளைக்கு அது பொருந்தும்.

துண்டைவிடக் கூழ்தான் உங்களுக்கு லாபம் என்பது என் அபிப்பிராயம். எப்படியும் சதை குழையப் போகிறது, முன்பே குழைத்துவிட்டால் இடம் மிச்சம், காற்று குறைவு. மிக்ஸியில் ஓடவிட்டு, நார் அதிகமுள்ள நாட்டுப் பழமானால் வடிகட்டி, கவரில் ஊற்றி, ஒரு விரல் கனத்துக்குத் தட்டையாகப் படுக்க வைத்து உறைய வையுங்கள். உருண்டையாகக் கட்டி வைக்காதீர்கள். கனம் இரட்டிப்பானால் உறைய ஆகிற நேரம் இரட்டிப்புக்கும் மேலே போகும். பாட்டிலில் ஊற்றுவதானால் மேலே ஓர் அங்குலம் காலியாக விடுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடி விரியும். பழ வகையையும் பார்க்க வேண்டும். பங்கனப்பள்ளி துண்டுக்கு நின்று கொடுக்கும். சாறு மிகுந்த நீலமும், ராஜபாளையம் பக்கத்துச் சப்பட்டையும் கூழுக்குத்தான்.

இனி மீன் வாடை. சாளை மீன் வைத்த அதே பெட்டியில் மூடி தளர்ந்த டப்பாவை வைத்தால் பழம் வாடையை வாங்காமல் என்ன செய்யும்? பால் கவர், கேரி பேக் மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் வழியாகவும் வாடை புகும். கனமான கவர், அதன் மேல் இறுக மூடும் டப்பா என்று இரட்டையாக வையுங்கள். மீனுக்கும் அதேபோல் ஒன்று. காற்றை எடுக்காமல் வைத்தால் இன்னொரு கேடும் வரும். பழத்தின் ஈரம் ஐஸிலிருந்து நேரே ஆவியாகிப் போய், துண்டின் ஓரம் வெளுத்து நாராகக் காய்ந்துவிடும். கவருக்குள்ளே பனித்தூள் நிறைய ஒட்டியிருந்தால் குளிர் ஏறி இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு தடவை ஏறி இறங்கும்போதும் சின்னப் படிகங்கள் கரைந்து பெரிய படிகங்களோடு சேரும், முதல் நாள் வேகமாக உறைய வைத்த பலன் போய்விடும். சிங்கிள் டோரில் ஐஸ் உருக்கும் பொத்தானை அமுக்கும் நாளில் பழக் கவர்களை எடுத்துக் கனமான போர்வையில் சுற்றி வையுங்கள். டபுள் டோரில் அதுவே அடிக்கடி தானாகச் சூடேற்றி ஐஸை உருக்கிக்கொள்ளும், அதனால் அங்கே கதவோரத்தில் வைக்காமல் உள்ளே தள்ளி வைக்க வேண்டும்.

எவ்வளவு நாள் வைக்கலாம்? மைனஸ் 18-இல் நிலையாக நின்றால் எட்டு மாதம் முதல் ஒரு வருடம். இந்த மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் என்பது ஃபாரன்ஹீட் கணக்கில் பூச்சியம். எந்தக் குளிரில் எந்த உணவு எத்தனை நாள் தரத்தோடு நிற்கும் என்று கலிஃபோர்னியாவின் ஆல்பனியில் இருந்த அரசு ஆய்வுக்கூடத்தில் 1940-களின் கடைசியில் தொடங்கிப் பல வருடம் சோதித்தார்கள். அதற்குப் பிறகு உலகம் முழுக்க அதுவே அளவாக நிலைத்துவிட்டது. சிங்கிள் டோர் ஃப்ரீசர் பெரும்பாலும் அந்த அளவுக்குப் போகாது. உங்களுடையது எப்படி என்று பார்க்க ஒரு கப் ஐஸ்கிரீமை ஒரு நாள் வைத்துப் பாருங்கள். கரண்டி சுலபமாக இறங்கினால் மைனஸ் 18 இல்லை. அப்படியானால் பழத்தை ஒரு மாதத்துக்குள் செலவழித்துவிடுங்கள். நீங்கள் வைத்த இரண்டு மாதம் அந்தப் பெட்டிக்கு அதிகம்.

மாம்பழத்தோடு ஏன் நிறுத்த வேண்டும்? பக்கத்திலேயே புளியங்குடி எலுமிச்சைச் சந்தை இருக்கிறது. 2019-இல் தென்காசி மாவட்டமாகப் பிரிந்தாலும் எனக்கு அதெல்லாம் திருநெல்வேலிச் சீமைதான். மழைக்காலத்தில் கேட்பாரற்றுக் கிடக்கிற பழம் கோடையில் யானை விலை விற்கும். உறைய வைத்து முழுப் பலன் பெற எலுமிச்சைக்கு மிஞ்சியது இல்லை, ஏனென்றால் சாற்றுக்குக் குழைந்துபோகச் சதை கிடையாது. ரொம்ப அழுத்திப் பிழியாமல், விதையை உடனே வடித்து, ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்துக் கவரில் கொட்டிக்கொள்ளுங்கள். தோலை நசுக்கினாலும் விதை கிடந்தாலும் நாளாக ஆகக் கசக்கும். சித்திரை வெயிலில் நன்னாரி சர்பத்துக்கு இரண்டு கட்டி போட்டால் ஐஸும் ஆச்சு, எலுமிச்சையும் ஆச்சு.

நெல்லிக்காயை முழுசாக உறைய வையுங்கள். இளகியதும் கையால் அமுக்கினால் சுளை சுளையாகப் பிரிந்து கொட்டை தனியே வந்துவிடும். புதுக் காயில் கத்தியோடு மல்லுக்கட்ட வேண்டும். நாவல்பழமும் கழுவித் துடைத்து அப்படியே வைக்கலாம். பலாச்சுளை கொட்டை நீக்கி வைத்தால் மாம்பழத்தைவிட நன்றாகத் தாங்கும். குற்றாலத்தில் சாரல் காலத்தில் வருகிற ரம்புட்டானைத் தோல் உரித்து உறைய வைத்து, பாதி இளகின நிலையில் வாயில் போட்டால் பிள்ளைகள் விடமாட்டார்கள்.

வாழைப்பழத்தைத் தோலோடு வைக்காதீர்கள். தோல் கறுத்துச் சதையோடு ஒட்டிக்கொள்ளும். களக்காட்டுத் தாரில் கடைசிச் சீப்பு அளிந்துபோகிற பதத்தில் இருந்தால் உரித்து வட்டமாக அறுத்து உறைய வைத்து, அப்படியே மிக்ஸியில் அடியுங்கள். பால்கூடச் சேர்க்காமல் ஐஸ்கிரீம் பதத்தில் வரும். அதற்குக் கோழிக்கூடு என்கிற வாழை வகை நல்லது.

சீத்தாப்பழம் கொஞ்சம் வம்பு பிடித்தது. விதையைச் சுற்றியுள்ள சதையை எடுப்பதற்குள் கறுக்கத் தொடங்கிவிடும், அதனால் எலுமிச்சைச் சாற்றைத் தெளித்துக்கொண்டே எடுக்க வேண்டும். கறுக்காமல் இருக்கக் கொஞ்சம் சூடு காட்டலாமே என்று அடுப்பில் வைத்தீர்களானால் கசந்துவிடும், சரிசெய்ய வழியில்லை. மிக்ஸியில் விதை சிக்கி உடைந்தாலும் ஆபத்து, சீத்தா விதை நஞ்சு. சல்லடையில் கையால் தேய்த்து எடுத்த கூழைச் சர்க்கரையோடு சேர்த்து அன்றைக்கே உறைய வையுங்கள்.

நுங்கைப் பற்றியும் கேட்பார்கள். என்னைக் கேட்டால் வேண்டாம். அதன் ருசியே அந்த வழவழப்பும் உள்ளே நிற்கிற நீரும்தான். உறைந்து இளகினால் நீர் பிரிந்து, சதை இறுகிவிடும். உடன்குடி, திசையன்விளைப் பக்கம் போகும்போது வெட்டின இடத்திலேயே நின்று சாப்பிட்டுவிடுங்கள்.

டீப் ஃப்ரீசர் வாங்கலாமா? மேலே திறக்கிற பெட்டி வகை மைனஸ் 18-இல் நிலையாக நிற்கும், திறந்தாலும் கனமான குளிர்க்காற்று கீழேயே கிடக்கும். பழத்துக்கு அதைவிட நல்லது வீட்டில் வேறில்லை. ஆனால் நாலைந்து மரத்துப் பழத்துக்காக மட்டும் என்றால் நான் வாங்கமாட்டேன். பழத்தின் விலை, பெட்டியின் விலை, வருடம் முழுக்கக் கரண்ட் பில் மூன்றையும் கூட்டிப் பாருங்கள். அக்கா தங்கச்சி இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து, மீன், பட்டாணி, தேங்காய்த் துருவல் எல்லாம் அதில் போகும் என்றால் கணக்கு மாறும். மின்தடையையும் யோசிக்க வேண்டும். நிறைந்த டீப் ஃப்ரீசரைத் திறக்காமல் விட்டால் இரண்டு நாள் வரை தாங்கும், பாதி காலியானால் ஒரு நாள். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டி, தாமிரபரணி ஊருக்குள் புகுந்தபோது பல இடங்களில் அதற்கும் மேலே கரண்ட் இல்லை. அப்படி ஆனால் கவரைத் தொட்டுப் பாருங்கள். உள்ளே ஐஸ் படிகம் இன்னும் இருந்தால் திரும்ப உறைய வைக்கலாம், கூழாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். முழுக்க இளகி, குளிர்ச்சி மட்டும் மிச்சம் இருந்தால் அன்றைக்கே ஜாம் கிண்டிவிடுங்கள். கவர் உப்பி, புளித்த வாடை வந்தால் குப்பையில் போடுங்கள். உறைய வைப்பதால் கிருமி சாவதில்லை, அடங்கிக் கிடக்கிறது, அவ்வளவே. அதனால்தான் தொடக்கத்திலேயே கையும் தட்டும் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது.

கடைசியாக, மகளுக்குக் கொடுத்துவிடுவது. பொதிகை எக்ஸ்பிரஸ் சாயங்காலம் ஏறி மறுநாள் காலை எழும்பூர் போய்விடும், ஒரு ராத்திரிப் பயணம்தான். துண்டு வேண்டாம், தட்டைக் கூழ்க் கவர்களாக அனுப்புங்கள். மீன் கடையிலோ மருந்துக் கடையிலோ கேட்டால் தெர்மோகோல் பெட்டி கிடைக்கும், மருந்துக் கடைப் பெட்டியானால் வாடை இராது. புறப்படுகிற நேரத்தில்தான் கவர்களை ஃப்ரீசரிலிருந்து எடுக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக இடைவெளியில்லாமல் அடுக்கி, சுற்றிலும் செய்தித்தாளைத் திணித்து, மூடியின் விளிம்பு முழுக்க டேப் ஒட்டுங்கள். பெட்டி நிறைந்திருக்க வேண்டும். பாதிப் பெட்டி விடிவதற்குள் இளகிவிடும். ஓரத்துக் கவர் இரண்டு கொஞ்சம் தளர்ந்திருக்கும், அதை அந்த வாரமே செலவழிக்கச் சொல்லுங்கள். நடுவில் இருப்பதைப் போனதும் ஃப்ரீசருக்குள் வைத்துவிட்டால் ஆடி வரைக்கும் ஓடும்.